ஹர்டி-கர்டி அழிந்துபோன வாத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், உலகில் மறைந்துபோன இசைக்கருவிகள் பற்றிய பக்கத்தில் ஹர்டி-கர்டிக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தீர்கள். புதுச்சேரியிலிருந்து என் தங்கை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பி, "அக்கா, நீ கத்துக்கிட்டு இருக்கிறது இதுதானே?" என்று கேட்டாள். ஆமாம், இதேதான். அது இடைக்கால ஐரோப்பாவின் வாத்தியம், தெருவில் பிச்சையெடுத்தவர்களோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது, இனி அருங்காட்சியகத்தில்தான் பார்க்கலாம் என்று கட்டுரை சொல்கிறது. நான் இருப்பது பிரான்சின் நடுவில், ஓவேர்ன் மலைப்பகுதியின் பெரிய ஊரான கிளேர்மோன்-ஃபெரானில். போன சனிக்கிழமை இரவும் இங்கே ஒரு கிராமத்துச் சமுதாயக் கூடத்தில் அந்த வாத்தியத்தின் வாசிப்புக்கு நள்ளிரவு தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தோம். உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று அச்சிட்டால் மனம் வலிக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படம். நீங்கள் போட்டிருப்பது ஜார்ஜ் த லா தூர் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியம். கண்ணை மூடி, வாயைத் திறந்து பாடும் ஒரு கிழவர், மடியில் வாத்தியம். நான்த் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதில் ஓர் ஈகூட அவ்வளவு உயிர்ப்பாக வரையப்பட்டிருக்கும். மகத்தான ஓவியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லா தூர் வாழ்ந்தது பிரான்சின் வடகிழக்கு மூலையில், லொரேன் பகுதியில். இந்த வாத்தியம் இன்று உயிரோடு இருக்கும் ஊர்களோ அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கின்றன. பல காலத்துக்கு முந்தைய பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவரின் முகத்தை வைத்து ஒரு வாத்தியத்தின் இன்றைய நிலையை முடிவுசெய்தது சரியில்லை.

இங்கே அதை வியெல் என்று சொல்கிறார்கள். பார்க்காதவர்களுக்காக அது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் 'கைப்பிடியைச் சுழற்றினால் இசை வரும் பெட்டி' என்ற அளவில் விட்டுவிட்டீர்கள். அந்த வர்ணனை தெருவோரப் பீப்பாய் ஆர்கனுக்குப் பொருந்தும். அதில் பாட்டு உள்ளேயே பதிந்திருக்கிறது, யார் சுழற்றினாலும் அதே பாட்டுதான் வரும். வியெலில் அப்படி எதுவும் பதிந்திருக்கவில்லை. மடியில் கிடத்தி, வார் போட்டு இடுப்போடு கட்டிக்கொள்ளும் மர உடல். நடுவில் ஒரு மரச்சக்கரம், விளிம்பில் வயலின் வில்லுக்குப் பூசும் அதே ரோசின் பிசின் பூசியிருக்கும். வலது கை கைப்பிடியால் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் தந்திகளை ஓயாமல் உரசும். இடது கை மரக்கட்டைகளை அழுத்தும். ஒவ்வொரு கட்டையிலும் இருக்கும் சிறு மர முளை தந்தியைத் தொட்டு ஸ்வரத்தை மாற்றும். வழக்கமான வியெலில் 23 கட்டைகள், இரண்டு ஸ்தாயி. விரலை எடுத்ததும் கட்டை தன் எடையிலேயே கீழே விழ வேண்டும், அதற்காகத்தான் வாத்தியத்தைச் சாய்த்துப் பிடிக்கிறோம். ராகம் பாடும் தந்திகள் தவிர, சுருதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தந்திகளும் உண்டு.

அதோடு நிற்கவில்லை. ஒரு சுருதித் தந்தி மட்டும் தனியாக ஒரு குட்டிக் குதிரையின் (தந்தியைத் தாங்கும் மரத்துண்டின்) மேல் உட்கார்ந்திருக்கும். இந்தக் குதிரைக்கு இங்கே 'நாய்' என்று பெயர். அதன் ஒரு கால் பொருத்தப்பட்டிருக்கும், மறுகால் பலகை மேல் சும்மா நிற்கும். சக்கரத்தை ஒரே சீராகச் சுழற்றினால் நாய் வாயைத் திறக்காது. மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டி வேகத்தைக் கூட்டினால், அந்தச் சும்மா நிற்கும் கால் எம்பிப் பலகையை அடிக்கும், 'ட்ர்ர்' என்று ஒரு கரகரப்பு எழும். ஒரு சுற்றுக்குள் எத்தனை வெட்டு, எந்த இடத்தில் வெட்டு என்பதுதான் தாளம். நாதஸ்வரம், ஒத்து, தவில் மூன்றையும் ஒரே ஆள் மடியில் வைத்து வாசிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

எனக்குச் சொல்லித்தரும் ஆசிரியை ஆரம்பத்தில் பல மாதம் இடது கையைத் தொடவே விடவில்லை. சக்கரம், மணிக்கட்டு, அவ்வளவுதான். பாட்டு எப்போது வரும் என்று கேட்டால், "முதலில் ஆடுகிறவர்களின் கால் உன் மணிக்கட்டில் வரட்டும்" என்பார். இன்னொன்று பஞ்சு. தந்தி சக்கரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய பஞ்சைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் கூடினால் குரல் அடைத்துக்கொள்ளும், குறைந்தால் கீச்சிடும். மழை நாளில் ஓர் அளவு, வெயில் நாளில் ஓர் அளவு. நாயின் தந்தியை இழுத்துப் பிடிக்க ஒரு சிறு முளை இருக்கிறது. அதை ஒரு மயிரிழை அதிகம் திருகிவிட்டால் நாய் ஓயாமல் குரைக்கும். இவ்வளவு கவனம் கேட்கும் வாத்தியத்தை எந்தக் கண்ணாடிப் பேழையாலும் காப்பாற்ற முடியாது. தினமும் யாராவது எடுத்துச் சுழற்றினால்தான் அது வியெல்.

'இடைக்கால வாத்தியம்' என்பதும் பாதிதான் சரி. 12-ஆம் நூற்றாண்டில் இதன் மூதாதை இருந்தது உண்மை. ஸ்பெயினில் சந்தியாகோ தே கோம்போஸ்தேலா கோயில் வாசலில் அதன் சிற்பம் இருக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் சுழற்ற ஒருவர் வாசிக்கும் பெரிய வாத்தியம் அது. ஆனால் இன்று ஓவேர்ன் கிராமத்தில் ஒருவர் மடியில் இருப்பது அந்த வடிவம் அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக்கு திடீரென்று இடையர் வாழ்க்கை மேல் ஆசை வந்தது. சீமாட்டிகள் வியெல் கற்றுக்கொண்டார்கள். வெர்சாய் ஊரின் வாத்தியக் கைவினைஞர் ஆன்ரி பாத்தோன் பழைய கிட்டார், லூட் உடல்களை எடுத்து வியெலாக மாற்றினார். இன்றைக்கும் வியெல் கிட்டார் வடிவத்திலோ லூட் போல முதுகு உப்பிய வடிவத்திலோ இருப்பது அந்த வேலையால்தான். அரசவை போன பிறகு அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு பிழைக்க வைத்தது 19-ஆம் நூற்றாண்டின் விவசாயிகள். மணமக்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் ஊர்வலத்தில் முன்னால் நடந்தவர் வியெல்காரர். அதாவது, கிராமத்து வியெலின் பொற்காலம் ரயில் வந்த காலம்.

கிளேர்மோனுக்கு வடக்கே, அலியே மாவட்டத்தில் ஜான்சா என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. தெற்கின் தனி மொழியான ஒக்சித்தானும் வடக்கின் பிரெஞ்சுப் பேச்சும் ஒன்றோடொன்று கலக்கும் எல்லைப் பட்டையில் இருக்கும் ஊர். அந்த ஊரில் பாஜோ, பேம்பார் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வியெல் செய்தன. தலைப்பகுதியில் செதுக்கிய முகம், ஓரமெல்லாம் கறுப்பு வெள்ளைப் பதிப்பு வேலை. இன்று அந்தப் பட்டறை வீடு ஒன்று அருங்காட்சியகம். சரி, அருங்காட்சியகம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் காரின் பின்பக்கத்திலிருந்து தங்கள் வியெலை எடுத்து வாசலிலேயே வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். சிலர் கையில் இருந்தது அதே ஊரில் செய்த பழைய வியெல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒக்சித்தான் பேசும் எல்லா ஊரிலும் வியெல் ஒரேபோல இருந்ததில்லை. பிரான்சின் தெற்கு மூன்றில் ஒரு பங்கு ஒக்சித்தான் நிலம். காந்தால் மலைகளில் காப்ரெத் என்ற துருத்திக் குழல்தான் ராஜா. ஆர்த்தான்ஸ் மேட்டிலும் கொரேஸ் பக்கமும் வயலின். மேற்கே கஸ்கோன் காடுகளில் போஹா என்ற இன்னொரு துருத்தி. வியெலுக்குச் சொந்தமான இடங்கள் என்றால் ஓவேர்னின் வடக்குப் பாதி, கோம்ப்ராய் மேடுகள், லிமூசேன், அப்புறம் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலியில் இருக்கும் ஒக்சித்தான் பள்ளத்தாக்குகள்.

கோம்ப்ராய் மேடுகள் எனக்கு நன்றாகத் தெரியும். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றும் செவிலியர் வேலையில் என் உழைப்புக் காலம் அந்தச் சாலைகளில்தான் போனது. காலில் ஆறாத புண்ணோடு ஒரு விவசாயி இருந்தார். கட்டு மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க ஏதாவது முனகுவார், நல்ல கால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் என்ன பாட்டு என்று கேட்டேன். பூரே என்றார், இங்கத்து ஆட்டப் பாட்டு. அவர் தாத்தா வியெல்காரராம். அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்தார். சக்கரத்தில் விரிசல், தந்தி ஒன்றுகூட இல்லை. பாட்டின் வரிகளைப் பிரெஞ்சில் சொல்லச் சொன்னபோது தயங்கினார். "அது பத்துவா, வெறும் நாட்டுப்புறக் கொச்சை, அதற்கு என்ன அர்த்தம் வேண்டிக்கிடக்கிறது" என்று தலையைக் குனிந்துகொண்டார். தன் தாய்மொழியை மொழி என்று சொல்ல வெட்கப்படும் மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பள்ளியில் அந்தப் பேச்சைப் பேசியதற்கு அடி வாங்கிய பிள்ளைகளின் பிள்ளை அவர். பிறகு பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் கெஞ்சிக் கேட்டு அந்த வியெலை வாங்கிப்போய்ப் பழுது பார்த்தார். அது இப்போது ஆட்டங்களில் ஒலிக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், வியெலும் ஒக்சித்தான் மொழியும் ஒரே காலத்தில்தான் அடி வாங்கின. 1880களின் கட்டாயப் பள்ளிக்கூடம் பிரெஞ்சை மட்டும் அனுமதித்தது. அதே தலைமுறையில் அக்கார்டியன் வந்தது. விலை மலிவு, சத்தம் பெரிது, பஞ்சும் வேண்டாம் ரோசினும் வேண்டாம். ஓவேர்ன்காரர்கள் பிழைப்புக்காகப் பாரிஸ் போய்க் கரி விற்றார்கள், காப்பிக்கடை வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரூ த லாப் தெருவில் காப்ரெத்காரர் அந்துவான் பூஸ்காத்தெல், இத்தாலியக் குடும்பத்து அக்கார்டியன்காரர் ஷார்ல் பேகுரியோடு சேர்ந்து வாசித்தார். அதிலிருந்து வளர்ந்த ஆட்டங்களில் வியெலுக்கு இடம் இல்லை. பிறகு 1914 போர், கிராமத்து இளைஞர்களைக் கூட்டமாகக் கொண்டுபோய்விட்டது. இரண்டு போர்களுக்கு நடுவில் வியெல் பெரும்பாலும் நாட்டுப்புற உடை போட்ட குழுக்களின் மேடையில் ஒதுங்கியது. அந்தக் குழுக்களை நான் குறைத்துப் பேசமாட்டேன், அவர்கள் இல்லாவிட்டால் பாட்டுகள் பல போயிருக்கும். ஆனால் மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இந்த இசைக்கு ஆகாது என்பது என் எண்ணம். பூரே பார்க்கும் விஷயம் அல்ல, ஆடும் விஷயம்.

1970களில் டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் மலையேறினார்கள். என் நோயாளி போன்ற கிழவர்களின் சமையலறையில் உட்கார்ந்து பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். 1971-இல் துலூஸில் ஒக்சித்தான் இசைக்கான ஒரு நிறுவனமே தொடங்கியது. 1976-இல் எங்களுக்குச் சற்று வடக்கே பெரி பகுதியின் சேன்-ஷார்த்தியே கிராமத்தில் வியெலும் துருத்திக் குழலும் செய்பவர்களின் கூடல் ஆரம்பித்தது. இன்று ஷாத்தோ தார் மாளிகைத் தோட்டத்தில் கோடைதோறும் நடக்கிறது. 1980களில் அரசு இசைப்பள்ளிகளில் நாட்டுப்புற இசைக்கும் துறை வந்தது. இன்று புது வியெல் வேண்டுமென்றால் சில ஆயிரம் யூரோ எடுத்துவைக்க வேண்டும், செய்பவரிடம் பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும். அழிந்துபோன வாத்தியத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் எங்கிருந்து வரும்? என்னைப்போல் பணம் புரட்ட முடியாதவர்களுக்குச் சங்கங்கள் வாடகைக்குக் கொடுக்கின்றன.

இனி ஆட்டம். ஓவேர்னின் பூரே மூன்று எண்ணிக்கை. இருவர் எதிரெதிரே நின்று, கை கோக்காமல், நெருங்கி, விலகி, இடம் மாறி ஆடுவார்கள். கண்கள் மட்டும் எதிராளியை விட்டு அகலாது. வடக்கே பெரி போனால் அதே பூரே இரண்டு எண்ணிக்கையாகி வரிசை கட்டிக்கொள்ளும். வியெல்காரர் பாட்டை நினைவில் வைத்திருந்தால் போதாது, ஆடுகிறவரின் பாதம் எப்போது தரையைத் தொடப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாயின் வெட்டு அதற்கு இமைப்பொழுது முன்னால் விழுந்தால்தான் ஆட்டம் எழும்பும். புதுச்சேரியில் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். எந்தப் பெருக்கியும் இல்லாமல் ஒரே ஒரு வியெல் அறுபது பேரைத் தரையிலிருந்து தூக்குவதைப் பார்த்தபோதுதான் இந்த வாத்தியத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இதெல்லாம் கிழவர்களின் பழம்பெருமை என்று உங்கள் நிருபர் நினைக்கலாம். அப்படியானால் யான் கூர்தோனைக் கேட்கச் சொல்லுங்கள். ஓத்-லுவார் மாவட்டத்தை மையமாகக் கொண்ட லா நோவியா குழுவினரில் ஒருவர். ஒரே சுருதியைப் பிடித்து, வியெல், பேஸ் கிட்டார், டிரம்ஸ் மூன்றும் நிறுத்தாமல் நெடுநேரம் வாசிக்கும் ஒரு குழுவும் அவருக்கு உண்டு. முதல் முறை கேட்டவர்களில் சிலர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். என்னால் அசைய முடியவில்லை. பேயார்ன் பக்கம் ஆர்த்துஸ் குழுவின் ரொமேன் போதுவேன் வியெலையும் மின்கிட்டாரையும் ஒரே உடலில் சேர்த்த வாத்தியத்தை வாசிக்கிறார். நீஸ் நகரில் பிறந்த வாலந்தேன் கிளாஸ்திரியே, வியெலுக்குத் தந்திகளைக் கூட்டி, மின்சாரம் சேர்த்து, அதற்கு முன் யாரும் கேட்டிராத ஒலிகளை எடுத்தவர்; இன்று வாசிக்கும் இளைஞர்கள் பலருக்கு வழி திறந்தவர் அவர்தான்.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் இத்தாலிப் பக்கம்தான். பியெமோந்தே மாநிலத்தில், பிரான்சை ஒட்டிய வராய்தா, மாய்ரா, ஸ்தூரா, வெர்மெனாஞா போன்ற பள்ளத்தாக்குகளில் இன்றும் ஒக்சித்தான் பேசுகிறார்கள். 1999-இல் இத்தாலி கொண்டுவந்த 482-ஆம் எண் சட்டம் அதைச் சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. பிரான்சில் அப்படி ஒரு சட்ட ஏற்பு இல்லை. அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து முன்பு பனிக்காலத்தில் வியெலை முதுகில் கட்டிக்கொண்டு ஆண்கள் பிழைப்புக்கு வெளியே போவார்கள். ஊர்கள் காலியாகிக்கொண்டே வந்தன, வாத்தியமும் ஏறக்குறைய நின்றுபோனது. 1982-இல் செர்ஜியோ பெரார்தோ 'லூ தல்ஃபின்' என்ற குழுவைத் தொடங்கினார். 1990-இல் அதை மாற்றியமைத்து டிரம்ஸ், மின்கிட்டார் எல்லாம் சேர்த்தார். நடுவில் வியெல், பாட்டு ஒக்சித்தானில். ராக் கச்சேரிக்குப் போகும் அதே பிள்ளைகள் கூரெந்தோ என்ற அந்த ஊர் ஆட்டத்தை ஆட வந்தார்கள். பெரார்தோ பாடுவதோடு நிற்கவில்லை, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கோடை விடுமுறையில் மலைக் கணவாய் தாண்டிப் போயிருந்தபோது, ஒரு மளிகைக்கடை வாசலில் பள்ளிச் சிறுமி ஒருத்தி வியெலைப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கடைக்கு வந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அது அவ்வளவு சாதாரணம்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. வியெல் பிழைத்துக்கொண்டது, அது வாசிக்கும் பாட்டுகளின் மொழி பிழைக்கவில்லை. யுனெஸ்கோவின் மொழிப் பட்டியலில் ஓவேர்னின் ஒக்சித்தானும் லிமூசேனின் ஒக்சித்தானும் கடுமையான ஆபத்தில் இருப்பவை. 1979-இல் போ நகரில் தொடங்கிய கலந்த்ரேத்தா பள்ளிகள் பிள்ளைகளுக்கு ஒக்சித்தானிலேயே பாடம் நடத்துகின்றன. ஆனால் 2021 மே மாதம் பிரான்சின் அரசியல் சாசன மன்றம், அப்படி முழுக்கத் தாய்மொழியிலேயே நடத்தும் முறையை அரசியல் சாசனத்துக்குப் புறம்பானது என்று சொல்லிவிட்டது. எங்கள் ஆட்டங்களில் பூரேயின் ராகம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது அடியைப் பாடச் சொன்னால் கூடத்தில் நான்கைந்து குரல்தான் கேட்கிறது. அதனால் எங்கள் சங்கத்தில் இப்போது வியெல் வகுப்புக்கு முன்னால் வரிகளைச் சேர்ந்து பாடிய பிறகுதான் சக்கரத்தைத் தொடுகிறோம். என் உச்சரிப்பு இங்கே பிறந்தவர்களைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னார். தமிழில் 'ற'வும் 'ர'வும் வேறுவேறாகச் சொல்லிப் பழகிய நாக்கு என்று அவருக்கு விளக்கினேன்.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். 'மறைந்துபோன' என்ற சொல்லை எடுத்துவிட்டால்கூடப் போதும். அப்புறம், ஐரோப்பிய இசை பற்றி எழுதும்போது பாரிஸ், வியன்னா கச்சேரி அரங்கங்களோடு நிறுத்திவிடாமல் இந்தக் கிராமங்களையும் எழுதச் சொல்லுங்கள். ஜூலையில் அலியே மாவட்டத்தின் ஜென்னெத்தீன் கிராமத்தில் 1990 முதல் நடந்துவரும் பெரிய ஆட்டத் திருவிழாவுக்கு உங்கள் நிருபர் வந்தால், கூடாரத்துக்குள் போட்ட மரத்தரையில் பகலும் இரவும் வியெல் கேட்கலாம். தங்குவதற்கு எங்கள் வீட்டில் அறை இருக்கிறது. வர முடியாவிட்டால் படங்களாவது அனுப்புகிறேன். போன சனிக்கிழமை எடுத்த படம் ஒன்று நன்றாக வந்திருக்கிறது: வாசிப்பவளுக்கு இருபது வயதுகூட இருக்காது, சுற்றி ஆடுகிறவர்களின் கால்கள் மங்கலாகத் தெரிகின்றன. வாசிப்பவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன்; சம்மதம் என்றாள்.

இப்படிக்கு,
புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வாசகி, ஓய்வுபெற்ற செவிலியர்,
கிளேர்மோன்-ஃபெரான், பிரான்ஸ்.